நான்காம் வட்டத்தின் கடைசி அறுப்பு

விமானத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்வார்கள்,
மணலில் யாரோ பச்சைக் காசுகளை
இறைத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும் என்று.
காசுதான்.
டீசலில் பாதி அரசாங்கக் காசு,
விதையில் பாதி, குழாயில் பாதி.
என் சம்பளத்திலும் பாதி இருந்திருக்கும்,
யாரும் பிரித்துக் காட்டியதில்லை.

வாதி தவாசிரில் பதினோரு வருஷமாய்
எனக்குக் கணக்கு வேலை.
எத்தனை கட்டுக் குதிரைமசால்,
எத்தனை லாரி, எந்தத் தேதி.
ஒரு கட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று
எந்தப் படிவமும் கேட்டதில்லை.
முத்திரை விழுந்த வாரம்
வெள்ளிக்கிழமை மதியம்
அபூ ஷாஃபி கப்ஸா அனுப்புவார்,
ஒரு தாம்பாளம், ஒன்பது பேருக்கு.

புதுச் சட்டம் வந்த நாளில்
அவர் கத்தவில்லை.
காகிதத்தை என் பக்கம் தள்ளி
"கூட்டிப் பார்" என்றார்.
கூட்டினேன்.
மானியப் பத்தியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
மறுபடி கூட்டினேன்.
மூன்று வட்டங்கள் அந்த விரலடியில் போயின.
நான்காவது
ஒரு அறுப்புக்குத் தாங்கும்.

பம்ப் பார்க்கும் இத்ரீஸ் சூடான்காரன்.
எண்ணெய்க் கையைத் துடைத்தபடியே சொன்னான்:
"நான் வந்தபோது நூற்றிருபது மீட்டரில் தண்ணீர்.
இப்போது நானூறு போட்டும் இருமுகிறது.
சட்டம் எழுதியவன் பொய் எழுதவில்லை, முஹாசிப்."
அதுதான் உறுத்தியது.
திட்டுவதற்கு
எங்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

உம்மு ஜாஸிர் பிக்கப்பை விட்டு இறங்கவில்லை.
கண்ணாடியைப் பாதி இறக்கி விலை கேட்டார்.
பன்னிரண்டு ரியால் கட்டு, இருபத்தேழு.
"பண்ணைக்காரனுக்கு நஷ்டஈடு என்றார்கள் டிவியில்.
என் ஆடுகளுக்கு யார் படிவம் நிரப்புவது?"
நாற்பது கட்டு வாங்குகிறவர்
ஆறு வாங்கிக்கொண்டு போனார்.
அடுத்த வாரச் சந்தையில்
காது அறுத்த அடையாளத்தோடு
அவர் ஆடுகள் நின்றதாக மொஃபிஸுல் சொன்னான்.

மொஃபிஸுலையும் இன்னும் ஐந்து பேரையும்
ரியாத்தில் ஒரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.
வண்டி ஏறுமுன் கேட்டான்:
"அங்கே எதற்கு நான் தண்ணீர் விட?"
"சிமெண்டுக்கு" என்றேன்.
சிரித்தான், நல்லவேளை.

பக்காலா மொய்தீன்குட்டி
பற்று நோட்டைத் தூக்கிக்கொண்டு
அவரே பண்ணைக்கு வந்தார், முதல் தடவையாக.
வாய் திறந்து கேட்கவில்லை.
நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு
ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு பெரம்பலூரிலிருந்து மருதையன்:
"மோட்டாருக்கு மீட்டர் மாட்டப் போறாங்களாம்ணே.
சும்மா அளக்கத்தானாம்.
விடக்கூடாதுங்குறாங்க சங்கத்துல.
நீ கணக்குப் படிச்சவன், என்ன சொல்ற?"

நான் தினமும் படித்து எழுதும் மீட்டர்
சுவருக்கு அந்தப் பக்கம்
ஓடிக்கொண்டிருந்தது.
நம்ம போர் இப்ப எத்தனை அடிடா, என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு
"மக்காச்சோளம் இந்தத் தடவை வெலயே போகல" என்றான்,
நான் ஒன்றுமே கேட்காததுபோல.
நானும் கேட்காதவனானேன்.

கடைசி அறுப்பு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டு.
கயிறு அறுந்த ஒன்றை
எண்ணிக்கையில் சேர்க்கவில்லை,
உம்மு ஜாஸிர் வீட்டுப் பக்கம் போகும் லாரியில் போட்டேன்.

மாலை நாலரைக்கு இத்ரீஸ் பம்பை நிறுத்தினான்.
நானூறு மீட்டர் நீளக் கை
வட்டத்தின் முக்கால்வாசியில் நின்றுவிட்டது,
சக்கரங்கள் ஈரத்தில் புதைந்தபடி.
அதுவரை அந்தச் சத்தம் இருந்ததே
எனக்குத் தெரியாது.
கடைசி மூக்கில் சொட்டிய இடத்தைத் தேடி
இரண்டு வானம்பாடிகள் இறங்கின.

மீட்டரில் நின்ற எண்ணை எழுதினேன்.
கீழே கையெழுத்துப் போடும்போது
மருதையனுக்கு என்ன சொல்வதென்று
இன்னும் கூட்டிக்கொண்டிருந்தேன்.